பெயர் போடுற நேரம்: குறும்பட டைட்டில் கேள்வி–பதில்

எங்கள் குறும்படம் எட்டு நிமிடம். எல்லார் பெயரையும் தொடக்கத்தில் போட்டால் ஒன்றே முக்கால் நிமிடம் ஓடுகிறது. யாரை விடுவது?
– கல்லூரி மாணவர், காட்பாடி

யாரையும் விட வேண்டாம், பாதிப் பேரைப் படத்தின் கடைசிக்கு அனுப்புங்கள். எட்டு நிமிடப் படத்துக்குத் தொடக்க டைட்டில் அரை நிமிடத்தைத் தாண்டினால் அரங்கில் செல்போன் வெளிச்சம் தெரிய ஆரம்பித்துவிடும். முன்னால் ஏழு கார்டு (ஒரு தடவையில் திரையில் வரும் எழுத்து) போதும்: வழங்குபவர், படத்தின் பெயர், நடிகர்கள், இசை, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் சேர்ந்து ஒன்று, தயாரிப்பு, கடைசியாக எழுத்து – இயக்கம். படத்தின் பெயருக்கு ஐந்து நொடி, மற்றவற்றுக்கு மூன்று நொடி. மொத்தம் 23 நொடி.

மூன்று நொடி என்பது நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 72 ஃப்ரேம். தோன்ற 12, மறைய 12 போனால் முழுசாகப் படிக்கக் கிடைப்பது 48தான். அந்த இரண்டு நொடிக்குள் கார்டைச் சாவகாசமாக வாய்விட்டுப் படிக்க முடியவில்லையென்றால் கார்டில் கூட்டம் அதிகம். விழாவுக்கு அனுப்பும்போது டைட்டில் நேரமும் படக் கணக்கில்தான் சேரும். ஆஸ்கர் குறும்படப் பிரிவின் 40 நிமிட வரம்பே டைட்டில் உட்படத்தான்.

'கொ' அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். ஃபான்ட் மாற்றியும் சரியாகவில்லை.
– வாசகி, ஆற்காடு

ஃபான்ட் மேல் குற்றமில்லை. எழுத்தைக் கோத்துக் காட்டும் வேலையை மென்பொருள் செய்யவில்லை. எடிட்டிங் மென்பொருளின் பிரெஃபரன்சஸுக்குள் (அமைப்புகள்), பிரீமியர் என்றால் 'கிராஃபிக்ஸ்', ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்றால் 'டைப்' பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றுங்கள். மென்பொருளை மூடித் திறந்து, புது லேயரில் மறுபடி அடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கார்டைத் தயாரித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து ஒட்டிவிடுங்கள். பெயரைத் திருத்த ஒவ்வொரு முறையும் அங்கே போக வேண்டும், அவ்வளவுதான் தொல்லை.

பாமினி போன்ற பழைய ஃபான்ட் வேண்டாம். அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் மூன்றும் யூனிகோட், இலவசம், கட்டணப் படத்துக்கும் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு எழுத்தாக விழும் டைப்ரைட்டர் எஃபெக்டையும் தமிழில் தவிர்க்கலாம். முதலில் 'க' விழும், அடுத்து அது விலகி 'கொ' ஆகும். பார்ப்பவருக்குத் தப்பாக அடித்துத் திருத்துவது போலத் தெரியும். சொல் சொல்லாக வரவிடுங்கள், அல்லது மாஸ்க் (மறைப்பு) போட்டு இடமிருந்து வலமாகத் திறங்கள்.

வேலூர் கோட்டை மதில் மேல் டைட்டில் போட்டோம். வெள்ளையும் எடுபடவில்லை, கறுப்பும் எடுபடவில்லை. சிவப்பு போடலாமா?
– மாணவர் குழு, வேலூர்

கருங்கல் மதில் வெயிலில் நடுத்தரச் சாம்பல் நிறம். வெளிர், அடர் இரண்டுமே அதில் பாதிதான் எடுபடும். போதாக்குறைக்குக் கல் இணைப்புக் கோடுகள் எழுத்தோடு பின்னிக்கொள்ளும். சிவப்பு இன்னும் மோசம்: வழக்கமான எச்.264 வீடியோவில் நிற விவரம் பாதி அளவில்தான் பதிவாகும், அதனால் அடர் சிவப்பு எழுத்தின் ஓரம் கசியும்.

எடுத்த ஷாட்டைக் காப்பாற்ற, எழுத்து வரும் பக்கத்தில் 40 சதவீதக் கறுப்பு கிரேடியன்ட் (ஓரத்திலிருந்து மெல்ல மங்கும் நிழல்) போட்டு, முழு வெள்ளைக்குப் பதில் 90 சதவீத வெள்ளை வையுங்கள். மறுபடி எடுப்பதானால் ஃப்ரேமில் மூன்றில் ஒரு பங்கை நிழல் விழுந்த அகழித் தண்ணீருக்கோ வெறும் வானத்துக்கோ ஒதுக்குங்கள். ட்ரைபாடில் அசையாமல் பத்து நொடியாவது ஓடட்டும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

1920×1080 ஃப்ரேமில் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் 96, மேலும் கீழும் 54 பிக்சல் இடத்துக்குள் எழுத்து எதுவும் போகக் கூடாது. கல்லூரி ஆடிட்டோரியத் திரையில் ஓரம் வெட்டுப்படும் என்று தெரிந்தால் இரண்டையும் இரட்டிப்பாக்குங்கள்.

தீப்பெட்டி லேபிள் மாதிரி கையால் வரைந்த டைட்டில் வேண்டும்.
– வாசகர், குடியாத்தம்

நல்ல யோசனை, உங்கள் ஊர்ச் சரக்கு. 32×18 அங்குல அட்டையில் பளபளக்காத போஸ்டர் கலரால் வரையுங்கள். இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே தூரத்தில் விளக்கு, நேர் எதிரே கேமரா. வீடியோவாக எடுக்காமல் போட்டோவாக எடுங்கள்: 24 மெகாபிக்சல் படம் சுமார் 6000 பிக்சல் அகலம், எடிட்டிங்கில் மெல்ல நெருங்கிப் போனாலும் மங்காது.

கடைசியில் மேலே ஓடும் பெயர்கள் உதறுகின்றன. ஏன்?
– மாணவி, வாலாஜாபேட்டை

ஃப்ரேமுக்கு 2.7 பிக்சல் என்பது போலப் பின்னத்தில் நகர்வதால். முழு எண்ணாக்குங்கள். வரிக்கு 72 பிக்சல் வீதம் 40 வரி, 2880. திரை உயரம் 1080 சேர்த்தால் 3960. ஃப்ரேமுக்கு 3 பிக்சல் வீதம் 1320 ஃப்ரேம், அதாவது 55 நொடி. பாட்டு 50 நொடியில் முடிகிறதென்றால் வேகத்தைத் தொடாதீர்கள், வரி இடைவெளியை 63 ஆக்குங்கள், கணக்குச் சரியாக விழும். எழுத்து 40 பிக்சலுக்குக் குறைய வேண்டாம், 'னூ', 'கீ' எல்லாம் அடைத்துக்கொள்ளும்.