வேலிக்கு வெளியே பூப்பவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலின் தோட்டங்களைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். மே முதல் வாரம் பிரிஸ்டலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம், அங்கிருந்து ஐந்து நாள் கார்ன்வால். ட்ரீபா, கிளென்டர்கன், ஹெலிகன், ஈடன் என்று ஏழு தோட்டங்களுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். என் கணவரோ "ஊட்டியில் பார்க்காத பூவா, அதற்கு டிக்கெட் வேறா" என்கிறார். எதை விடலாம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

நான்கை விட்டுவிடுங்கள். முதல் தடவை நானும் இப்படித்தான், மூன்று நாளில் ஐந்து தோட்டம். ஊர் திரும்பிப் படங்களைப் பார்த்தால் எந்த மரம் எந்தத் தோட்டத்தில் நின்றது என்றே தெரியவில்லை, ஸ்கோனும் க்ரீமும்தான் தெளிவாக நினைவிருந்தன. (அங்கே ஜாம் முதலில், க்ரீம் மேலே. மாற்றித் தடவினால் பக்கத்து மாவட்டமான டெவன்காரர் பழக்கம் என்பார்கள்.)

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அங்கே ஆளுயரத்துக்கு மேல் சிவந்து நிற்கும் ரோடோடென்ட்ரான்களில் பல இமயமலையிலிருந்து போனவை. 1840களின் கடைசியில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சிக்கிமிலிருந்து அனுப்பிய விதையில் வந்தவை ஹெலிகனில் இன்னும் இருக்கின்றன. நம் நீலகிரியின் காட்டுப்பூவரசும் அந்தக் குடும்பம்தான், ஆகவே சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவதாக அவரிடம் சொல்லுங்கள். கார்ன்வால் கடல் சூழ்ந்த நிலம், அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் வேறு, உறைபனி அபூர்வம். அங்கே குளிரைவிடக் காற்றுதான் எதிரி. அதனால்தான் கடலை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்காகப் பார்த்துப் பிடித்து, சுற்றிலும் காற்றுத் தடுப்புக்கு மரங்களை வளர்த்து, நடுவில் மற்றதை நட்டார்கள்.

ட்ரீபாவும் கிளென்டர்கனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, ஒரே நாளில் முடியும். ஃபால்மவுத் துறைமுகத்தில் கப்பல் தொழில் செய்த ஃபாக்ஸ் சகோதரர்கள் ஆளுக்கொன்றாகப் போட்ட தோட்டங்கள். கிளென்டர்கனில் 1833இல் நட்ட புதர்ச் சுற்றுப்பாதை ஒன்று இருக்கிறது, வெளியே வர எனக்கு வெட்கப்படும் அளவு நேரம் ஆனது. ட்ரீபாவின் கன்னரா இலைகள் குடையாகப் பிடிக்கும் அளவுக்கு வளரும், ஆனால் மே தொடக்கத்தில் பாதிதான் விரிந்திருக்கும், ஏமாறாதீர்கள். கீழே இறங்கினால் சின்னக் கடற்கரை. 1944இல் அமெரிக்கப் படையினர் நார்மண்டிக்குக் கப்பலேறிய இடங்களில் அதுவும் ஒன்று.

மூன்றாவது ஹெலிகன். பூவுக்காக அல்ல. முதல் உலகப் போருக்கு முன் 22 தோட்டக்காரர்கள் வேலை செய்த இடம், போருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை, தோட்டம் முள்ளும் கொடியும் மூடிக் கிடந்தது. 1990இல் வெட்டித் திறந்தபோது அவர்களுடைய கழிப்பறைச் சுவரில் பென்சிலில் எழுதிய பெயர்கள் இருந்தன, ஆகஸ்ட் 1914 என்ற தேதியோடு. அந்தச் சின்ன அறை முன்னால் கொஞ்சம் நில்லுங்கள், போதும்.

மிச்ச நாட்களுக்கு டிக்கெட்டே வேண்டாம், கடலோர நடைபாதையில் போங்கள். லிசார்ட் முனைப் பக்கம், கைனான்ஸ் கோவ் என்ற சிறு விரிகுடாவுக்கு மேலே, மே மாதத்தில் பாறை இடுக்கெல்லாம் த்ரிஃப்ட் என்ற இளஞ்சிவப்புப் பூ மெத்தை மெத்தையாக வரத் தொடங்கியிருக்கும். பழைய மூன்று பென்னி நாணயத்தில் இருந்தது அந்தப் பூதான். அந்தக் காற்றில் எதுவும் கணுக்காலுக்கு மேல் தலைதூக்காது, குனிந்துதான் பார்க்க வேண்டும். சாலையோரம் வெங்காயத்தாள் வாடை அடித்தால் பயப்படாதீர்கள், மணி போல் தொங்கும் வெள்ளைப் பூ ஒன்றின் வேலை அது. புளூபெல் என்ற நீலப் பூ வேண்டுமென்றால் பென்ரின் ஊருக்குப் பக்கத்தில் எனிஸ் தோட்டம். லிசார்டுக்குப் பேர்போன ஹீத் என்ற குறும்புதரின் பூ மட்டும் அப்போது கிடைக்காது, ஆகஸ்ட் ஆகும்.

அப்புறம் கோர்ஸ். மஞ்சளாகப் பூக்கும் இந்த முள் புதரை வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள், அது அங்கே புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதன் மேல் தீராத கோபம். கார்ன்வாலில், அதன் சொந்த மண்ணில் பார்த்தபோதுதான் கோபம் கொஞ்சம் இறங்கியது. அங்கே தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சதைப்பற்றுக் கொடி பாறைகளைப் போர்த்துகிறது, ஆட்கள் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறார்கள்.

வெயில் ஏறிய பிறகு உங்கள் கணவரைக் கோர்ஸ் பூவை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தேங்காய் வாசம் வரும். முள் மூக்கில் குத்தாமல் பார்த்துக்கொள்ளட்டும்.