‘ராஜ்கிரண் நம்ம ஊர்தானே உம்மா!’

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. டிப்ளமோ முடித்துவிட்டான். அவன் வாப்பா துபாயிலிருந்து விசா அனுப்புகிறேன் என்கிறார். இவனோ நடிக்கப் போகிறேன், சென்னைக்கு அனுப்பு என்று ஒரே பிடிவாதம். ‘ராஜ்கிரண் நம்ம ஊர்தானே உம்மா’ என்கிறான். வாப்பாவிடம் போனில் பேசுவதையும் நிறுத்திவிட்டான். என்ன செய்வது?
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: அன்புச் சகோதரி, மகன் சொல்வது உண்மைதான். ராஜ்கிரண் கீழக்கரைக்காரர். ஆனால், அவர் கதையை உங்கள் பிள்ளை பாதியிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறான். முன்பாதியை நீங்கள் சொல்லுங்கள்.

சினிமாவில் அவர் முதலில் நுழைந்தது விநியோகக் கம்பெனிக்குள், சம்பளத்துக்கு. அங்கே தொழில் பழகி, சொந்தமாக விநியோகம் செய்து, பிறகு தயாரிப்பாளர் ஆனார். ‘ராசாவே உன்னை நம்பி’, ‘என்னப் பெத்த ராசா’ இரண்டும் அவர் தயாரித்தவை, நாயகன் ராமராஜன். 1991-ல் ‘என் ராசாவின் மனசிலே’ படத்தில் தானே நாயகனாக நின்றபோது இளவட்ட வயதைத் தாண்டியிருந்தார். கஸ்தூரிராஜா இயக்கிய முதல் படம் அது. 26 வருடம் கழித்து, 2017-ல், அவர் மகன் தனுஷ் முதன்முதலாக இயக்கிய ‘ப. பாண்டி’க்கும் ராஜ்கிரண்தான் நாயகன். தகப்பனும் பிள்ளையும் தங்கள் முதல் படத்தை ஒரே ஆளை நம்பி எடுத்திருக்கிறார்கள்! எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

மகனைத் தடுக்காதீர்கள். ஆனால் வாய்ப்பு வரும் என்று சாலிகிராமத்தில் அறை எடுத்துக் காத்திருக்க அனுப்பாதீர்கள், வேலைக்கு அனுப்புங்கள். எடிட்டிங், புரொடக்‌ஷன், எதுவானாலும் சரி. படிக்க ஆசைப்பட்டால் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நடிப்புப் பழக, ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு. துபாயில் கணக்கு வேலை பார்த்துத் திரும்பிய விஜய் சேதுபதி, அங்கும் கணக்கராகச் சேர்ந்துதான் நடிப்பைக் கவனித்தார். அதனால் விசாவை எதிரியாகப் பார்க்க வேண்டாம். ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். நடிக்க வைக்கிறேன் என்று எவர் பணம் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் நகை அடகுக்குப் போகவே கூடாது.

என்னை உறுத்துவது அந்தப் போன்தான். ‘தவமாய் தவமிருந்து’ படத்தில், அச்சகம் நடத்திப் பிள்ளைகளுக்காகவே உழைத்துத் தேயும் அப்பாவாக வாழ்ந்திருப்பார் ராஜ்கிரண். அதை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். அடுத்த லீவு நாளில் வாப்பாவைக் கூப்பிடும்போது அவனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, எந்த வேலை கேட்கப் போகிறான் என்ற ஒரு வருடக் கணக்கை அவனே வாய்திறந்து வாப்பாவிடம் சொல்லட்டும்.