அலுமினியமா, பித்தளையா? குழாய் எடுக்கும் முன் கேட்ட கேள்விகள்

கே: ஒரே அளவுக் குழாயில் எது வலு, சார்?

வலு கலவையையும் பதத்தையும் (உலோகத்தை எவ்வளவு கடினமாக்கியிருக்கிறார்கள் என்பது) பொறுத்தது. வளையாமல் நிற்பதில் பித்தளைதான் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் எடை மும்மடங்குக்கு மேல். அலுமினியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம், பித்தளைக்குச் சுமார் 8.5. குழாயில் விட்டம் பெரிய வித்தை காட்டும். 10 மி.மீ. பித்தளைக்குப் பதில் அதே 1 மி.மீ. சுவருள்ள 12 மி.மீ. அலுமினியம் போட்டால் விறைப்பு கொஞ்சம் கூடவே கிடைக்கும், எடை பாதிகூட வராது. இடம் இருந்தால் அலுமினியம். இடுக்கில் நுழைக்கணும் என்றால் பித்தளை.

கே: அலுமினியக் குழாயில் சால்டர் ஒட்டவே மாட்டேன் என்கிறதே அண்ணா?

ஒட்டாது. சுரண்டிய மறுகணமே மேலே ஆக்சைடு படலம் வந்துவிடும். உலோகம் 660 டிகிரியில் உருகும். அந்தப் படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். தனி ஃப்ளக்ஸ் (படலத்தை நீக்கும் பூச்சு), தனிக் கம்பி உண்டு, கை பழக வேண்டும். பித்தளையைத் தேய்த்து, சாதாரண ஃப்ளக்ஸ் தடவி, சூடு காட்டினாலே ஈயம் இடுக்குக்குள் தானாக ஓடும். இணைப்புகள் நிறைய உள்ள வேலைக்கு நான் அலுமினியத்தைத் தொடுவதில்லை.

கே: வளைக்கும்போது விரிசல் விடுகிறது. 6061 டி6 குழாய்.

6061 என்பது அலுமினியக் கலவையின் எண், டி6 என்பது சூடேற்றிக் கடினமாக்கிய பதம். அந்தப் பதத்தில் இறுக்கமான வளைவு கேட்டால் அப்படித்தான். காய்ச்சி மென்மையாக்கலாம், ஆனால் அந்த வலு போய்விடும். இன்னொரு தொல்லை: அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும். மேலே சோப்பு தேய்த்துச் சூடாக்குங்கள். சோப்பு கருத்ததும் தீயை எடுத்துவிடுங்கள். பித்தளையில் இந்தக் கண்ணாமூச்சி இல்லை, மங்கலாகச் சிவந்தால் போதும். எதுவானாலும் உள்ளே மணல் அடைத்து வளையுங்கள்.

கே: சூடு கடத்த எது?

அலுமினியம். 6063 அலுமினியக் கலவை ஏறக்குறைய 200 வாட், பித்தளை 120 (மீட்டருக்கு, கெல்வினுக்கு).

கே: தண்ணீர் போகும் அலுமினியக் குழாயில் பித்தளை மூட்டு போடலாமா?

வேண்டாம். ஈரம் இருந்தால் இரண்டும் சேர்ந்து மின்கலம் ஆகிவிடும், கரைவது அலுமினியம். கட்டாயம் என்றால் நடுவில் பிளாஸ்டிக் மூட்டு வையுங்கள். பித்தளை மட்டுமே போட்டாலும் உப்புத் தண்ணீரில் கவனம்: துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, செம்பு பஞ்சுபோல மிஞ்சும். அதைத் தாங்கும் தனிக் கலவை உண்டு, கேட்டு வாங்குங்கள். குடிநீர் என்றால் ஈயமில்லாத பித்தளையா என்றும் பாருங்கள்.

கே: ஒன்றுக்குள் ஒன்று நழுவும் குழாய்கள் செய்கிறேன், இரண்டும் அலுமினியம். சிக்கிக்கொள்கிறது.

அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் ஒன்றையொன்று பிடித்துக் கீறிக்கொள்ளும். உள்குழாயைப் பித்தளையாக மாற்றுங்கள். வெளியில், மழையில் வைக்கும் பொருள் என்றால் மட்டும் முந்தைய பதிலைப் படித்துவிட்டு மாற்றுங்கள்.