22 வயதில் கண் இமை ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம். என் மகளுக்கு 22 வயது. இடது கண் ரெப்பை இறங்கி, தூக்கக் கலக்கத்தில் இருப்பவள் மாதிரித் தெரிகிறாள். சின்ன வயதில் இப்படி இல்லை, ஒரு வருஷமாகத்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படங்களில், சாயங்காலம் எடுத்தவற்றில்தான் பளிச்சென்று தெரிகிறது. அழகு நிலையத்தில் சொல்லி ஒருவர் வீட்டுக்கே வந்தார். "ரெண்டு கண்ணுலயும் கூடுதல் தோலை எடுத்துட்டா சரியாயிரும். காலையில போய் ராத்திரி பஸ்ஸில் திரும்பிரலாம். 70,000 ரூபாய், அதில் 10,000 அட்வான்ஸ்" என்கிறார். இந்த வயதில் இமையில் கத்தி வைக்கலாமா?

பதில்: வயது தடையே இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்தவர் சொல்லும் அறுவைதான் இந்த வயதுக்குப் பொருந்தாதது. உங்கள் மகளுக்கு அறுவை தேவையா என்பதையே பரிசோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

இமை இறங்கித் தெரிய மூன்று காரணம் உண்டு. தோல் தளர்ந்து மடிந்து தொங்கலாம். உள்ளிருக்கும் கொழுப்பு முன்னே தள்ளிப் பை போலத் தெரியலாம். இமையைத் தூக்கும் தசை சரியாக இழுக்காமல் இருக்கலாம். இதைத்தான் டோசிஸ் என்கிறோம். தோல் தளர்வது பெரும்பாலும் 40 வயதை ஒட்டி. 22 வயதில் வெட்டி எடுக்கும் அளவுக்குத் தோல் மிஞ்சியிருப்பது அபூர்வம். படகின் பாய் இறங்கிக் கிடந்தால் கயிற்றைப் பார்ப்பீர்களா, பாயைக் கத்தரிப்பீர்களா?

புருவத்துக்கும் மேல் இமை முடிக்கும் இடையில் சுமார் 20 மில்லிமீட்டர் தோல் இருந்தால்தான் கண் முழுதாக மூடும். அதற்குக் குறைவாக விட்டுவைத்தால் தூக்கத்தில் ஒரு கீற்று திறந்தே கிடக்கும். கருவிழி காயும். காற்றும் மணலும் ஓயாத நம் கரையில் சீக்கிரமே புண்ணாகும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். எடுத்த தோலை ஈடுசெய்ய காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டிவரும்; ஒட்டுப் போட்ட இமை பழைய இமை போல இருக்காது.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள் முக்கியமானவை. "ஒரு வருஷமாகத்தான்" என்கிறீர்கள். "சாயங்காலப் படத்தில்தான்" என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் கண் மருத்துவர் முதலில் சந்தேகிக்க வேண்டியது மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயை. நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேரும் இடத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது இது. தசை ஓய்வெடுத்தால் தெளியும், வேலை செய்யச் செய்யச் சோரும். அதனால்தான் காலையில் நன்றாக இருக்கும் இமை பொழுது சாய இறங்குகிறது. 20, 30 வயதுப் பெண்களிடம் இது அதிகம். பெரும்பாலும் கண்ணில்தான் தொடங்கும். ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா, பரோட்டா மெல்லும்போது பாதியில் தாடை ஓய்கிறதா, பேசப் பேசக் குரல் மூக்கால் வருகிறதா என்று மகளிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே ஒரு வேலை செய்யலாம். ஐந்து நாள், காலை எழுந்ததும் ஒரு படம், மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு படம். ஒரே இடம், ஒரே வெளிச்சம், நெற்றியைச் சுருக்காமல் நேர் பார்வை. இன்னொன்று, தலையை அசைக்காமல் ஒரு நிமிடம் உத்தரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இடது இமை மெல்ல மெல்லச் சரிகிறதா கவனியுங்கள். பிறகு சுத்தமான ஐஸை (மீன் பெட்டி ஐஸ் கூடாது) துணியில் சுற்றி, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். எடுத்தவுடன் இமை 2 மில்லிமீட்டராவது உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. உயராவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இந்த நோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் அசிட்டைல்கோலின் ஏற்பி எதிர்ப்பொருள் பரிசோதனையும் அப்படித்தான். கண்ணோடு நிற்கும் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது நெகட்டிவ் என்றே வரும். "நெகட்டிவ், ஆபரேஷன் பண்ணிரலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நரம்பு மருத்துவர் பார்க்க வேண்டும். நோய் உறுதியானால் நெஞ்சில் தைமஸ் சுரப்பிக்கு சி.டி. எடுப்பார்கள். பெரும்பாலோருக்கு மாத்திரையிலேயே இமை உயரும். இதைக் கண்டுபிடிக்காமல் அறுத்துவிட்டு, பிறகு மாத்திரை கொடுத்தால், தூக்கிய இமை மேலும் தூக்கிக்கொண்டு கண் விழித்தபடி நிற்கும். மயக்க மருந்தும் சில ஆன்டிபயாடிக்குகளும் இந்த நோயில் மூச்சையே பாதிக்கும். கேள்வி கேட்காமல் அட்வான்ஸ் வாங்கும் ஆளிடம் இதற்கெல்லாம் என்ன பதில் இருக்கும்?

இரண்டு கண்ணும் காலையில் உப்பியிருந்தால் மட்டும் தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சிறுநீரில் புரதம் இரண்டையும் பாருங்கள்.

இதெல்லாம் இல்லை, வெறும் தசைத் தளர்ச்சிதான் என்று தெரிந்தால் அறுவை பொருந்தும். அதற்கும் அளவு உண்டு. புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, கீழே பார்க்கச் சொல்லி, பிறகு மேலே பார்க்கச் சொல்லி, இமை ஓரம் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலில் அளப்போம். 12 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்தால் தசை நல்ல நிலை. அதை இறுக்கித் தைத்தால் போதும். 4-க்குக் கீழே என்றால் இழுக்கத் தசைக்கே வலு இல்லை. தொடையிலிருந்து எடுக்கும் பட்டையாலோ சிலிக்கான் இழையாலோ இமையை நெற்றித் தசையோடு கோக்க வேண்டும். அப்படிச் செய்தவர்கள் இரவில் கண்ணில் களிம்பு போட்டே படுக்க வேண்டிவரும். ஸ்கேலை எடுக்காமல் தேதி கொடுக்கிற இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். கண்ணீர் சுரப்பையும் அளக்க வேண்டும். இமைக்குள் காகிதப் பட்டை செருகி ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பது. 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் முதலில் வறட்சிக்குத்தான் மருத்துவம்.

ராத்திரி பஸ் யோசனையை அடியோடு விடுங்கள். அபூர்வமாக இமைக்குப் பின்னே ரத்தம் கசிந்து சேரும். கண் கல்லாகி, வலி ஏறி, பார்வை மங்கும். சில மணி நேரத்துக்குள் தையலைப் பிரித்து அழுத்தத்தை இறக்காவிட்டால் பார்வை போய்விடும். இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வருவது. அந்த நேரத்தில் உங்கள் மகள் பரமக்குடி தாண்டி பஸ்ஸில் இருந்தால் யார் தையல் பிரிப்பது? இரண்டு ராத்திரியாவது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். தையல் பிரிப்பது ஐந்திலிருந்து ஏழாம் நாள், வீக்கம் வடிய இரண்டு வாரம், தழும்பு மங்க மூன்று மாதத்துக்கு மேல். கல்யாணத் தேதியை அதற்கேற்ப வையுங்கள். பாசி எடுக்கக் கடலில் இறங்குகிற பெண் என்றால், மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை முகக்கண்ணாடி மாட்டி முங்கக் கூடாது. அது தையல் இடத்துக்குப் பக்கத்திலேயே அழுத்தும்.

வந்தவரைப் பற்றி. நோயாளியை அனுப்பியதற்கு மருத்துவர் கமிஷன் கொடுப்பதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் தடைசெய்கின்றன. ஆனாலும் அவர் எப்படிப் பிழைக்கிறார் என்று நீங்களே யோசியுங்கள். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அறுவை செய்பவர் பெயர் என்ன, மாநில மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன, கண் மருத்துவத்தில் எம்.எஸ். முடித்து இமைச் சீரமைப்புக்குத் தனிப் பயிற்சி பெற்றவரா அல்லது எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜனா? பதிலுக்குப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவே உங்களுக்கு விடை. பில்லையும் பாருங்கள். வெறும் அழகுக்கான அறுவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 70,000-க்கு மேல் இன்னும் 12,600 ரூபாய். பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்த வரி கிடையாது.

முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ஐஸ் சோதனைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் மதுரை போக வேண்டியதில்லை. கண் பிரிவில் சீட்டு, அங்கிருந்து பொது மருத்துவத்துக்கு ஒரு சீட்டு, நரம்புக்கு இன்னொரு நாள் என்று அலைக்கழிப்பு இருக்கும். ஒரு நாள் கூலியை விட்டு வருபவர்களை இப்படி மூன்று வரிசையில் நிறுத்தினால், வீட்டு வாசலுக்கு வரும் ஏஜென்டைத்தான் அவர்கள் நம்புவார்கள். இது எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை. காப்பீட்டு அட்டையைக் காட்டினால் இமை என்ற சொல்லைக் கேட்டதுமே "அழகு ஆபரேஷனுக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பக்கூடும். சீட்டில் மருத்துவர் டோசிஸ் என்று எழுதி, பார்வைப் புலப் பரிசோதனை (நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பது) அச்சும் நேர்முகப் படமும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அறுவை என்று முடிவானால் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையில் இமைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பள்ளிக்கூட நாள் படங்கள் இரண்டு மூன்று, ஐந்து நாள் காலை மாலைப் படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாம் எடுத்துப் போங்கள்.

இதற்கெல்லாம் சில வாரம் ஆனாலும் பரவாயில்லை. இரண்டுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. திடீரென்று இமை முழுதாக விழுந்து, கடுந்தலைவலியோடு அந்தக் கண்ணின் பாப்பா பெரிதாகத் தெரிந்தாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.