ரோல்-பிளே குழுவில் எழுதாமல் காணாமல் போகும் உறுப்பினர்களை எப்படிக் கையாள்வது?

கேள்வி கேட்டவர் ஆன்லைன் ரோல்-பிளே குழு ஒன்றை, அதாவது ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சேர்ந்து கதை எழுதும் குழுவை, நடத்துகிறார். பட்டியலில் 64 பெயர்கள் இருந்தாலும் எழுதுவது 12 பேர்தானாம். மற்றவர்களை நீக்கிவிடலாமா, எத்தனை நாள் பொறுத்துப் பார்ப்பது, நீக்கினால் மனம் புண்படாதா என்று கேட்டிருக்கிறார்.

எழுத்துவழி ரோல்-பிளே குழு ஒன்றில் நான் ஆறு வருடமாக மாடரேட்டர், அதாவது குழுவைக் கவனித்து நடத்துபவர். இந்த விஷயத்தில் ஒரு தவறு செய்து, நல்ல எழுத்தாளர்களை இழந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்போது எங்கள் கதை முற்றுகையில் சிக்கிய ஒரு மலைக்கோட்டையில் நடந்துகொண்டிருந்தது. படைத்தலைவனின் தோளில் அம்பு பாய்ந்திருக்கிறது. கோட்டை வைத்தியராக எழுதியவர் எங்களிலேயே அழகாக எழுதக்கூடியவர். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கடைசிப் பதிவில் வைத்தியர் கத்தியைத் தீயில் காட்டி எடுக்கிறார், படைத்தலைவன் பக்கம் திரும்பி, "பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அதோடு பதிவு முடிகிறது. அடுத்த வரி ஏழு வாரமாக வரவில்லை.

அந்த ஏழு வாரமும் கத்தி அந்தரத்திலேயே நின்றது. படைத்தலைவனாக எழுதிய தம்பியால் வேறு எந்தக் காட்சிக்கும் போக முடியவில்லை, அவன் பாத்திரம்தான் கட்டிலில் கிடக்கிறதே. வாசலில் நின்ற காவலர்கள் இருவர், எதிரிப் பாசறையிலிருந்து செய்தி கொண்டுவந்த ஒற்றன், கைவிளக்கு பிடித்திருந்த பணிப்பெண் என்று இன்னும் நாலு பேர் அதே அறைக்குள் மாட்டிக்கொண்டார்கள். தம்பி முதலில் தினமும் இரவு, "அக்காகிட்ட இருந்து ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். ஐந்தாவது வாரம் ஒற்றனாக எழுதியவர் வேறு குழுவுக்குப் போய்விட்டார்.

அந்தக் கோபத்தில் நான் ஒரு ஆக்டிவிட்டி செக் போட்டேன். "3 நாளுக்குள் இந்தப் பதிவின் கீழே பதில் சொல்லாதவர்கள் நீக்கப்படுவார்கள்." மூன்றாம் நாள் இரவு உட்கார்ந்து 23 பேரை நீக்கினேன். வைத்தியர் பாத்திரத்தைப் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்தேன். பட்டியல் சுத்தமாகிவிட்டது, ஆனால் காட்சி நகரவில்லை. வைத்தியருக்கும் படைத்தலைவனுக்கும் இடையே இரண்டு வருடக் கதை இருந்தது. அது தெரியாத ஒருவர் பாவம் எதை எழுதுவார்?

ஒரு மாதம் கழித்து அக்காவிடமிருந்து தனிச்செய்தி வந்தது. வீட்டில் உடம்பு சரியில்லாத ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததாம். "சொல்லிட்டுப் போகாதது என் தப்புதான். ஆனா என் வைத்தியரை இன்னொருத்தர் பேசவைக்கிறதை என்னால படிக்க முடியல" என்று எழுதியிருந்தார். அவர் திரும்பி வரவில்லை. அவரோடு எழுதுவதற்காகவே வந்துகொண்டிருந்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதற்கான காரணத்தை ரிச்சர்ட் பார்ட்டில் எழுதிய ஒரு கட்டுரையில் பிற்பாடு படித்தேன். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய 'மட்' என்ற எழுத்துவழி விளையாட்டு உலகத்தை உருவாக்கிய இருவரில் அவரும் ஒருவர். 1996இல் வந்த அந்தக் கட்டுரையில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்: சாதிக்க வருகிறவர்கள், உலகத்தைத் தேடிப் பார்க்க வருகிறவர்கள், மற்றவர்களோடு பழக வருகிறவர்கள், மற்றவர்களை வீழ்த்த வருகிறவர்கள். பழக வருகிறவர்கள் கூடக்கூட அவர்களைப் போன்றவர்கள் மேலும் வருவார்கள், குறையக் குறைய மேலும் குறைவார்கள் என்கிறார். எழுத்துவழி ரோல்-பிளேயில் பெரும்பாலானவர்கள் இந்த வகைதான். அதனால் நாம் ஒருவரை நீக்கும்போது இழப்பு அவரோடு நிற்பதில்லை.

நான் அன்று "யார் எழுதவில்லை?" என்று கேட்டேன். "எது நின்றுபோயிருக்கிறது?" என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது எங்கள் குழுவில் காட்சி, பாத்திரம், ஆள் மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறோம். காட்சிக்குப் பொறுமை மிகக் குறைவு, பாத்திரத்துக்குக் கொஞ்சம் அதிகம், ஆளுக்கு எல்லையே இல்லை.

காட்சிக்கு 7 நாள். எழுத வேண்டியவர் 7 நாளில் எழுதாவிட்டால் மற்றவர்கள் அவரைக் கடந்து போகலாம், மாடரேட்டரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கடந்துபோவதற்கு ஒரு முறை உண்டு. இல்லாதவரின் பாத்திரத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கொல்லக் கூடாது, காதலிக்க வைக்கக் கூடாது, துரோகம் செய்ய வைக்கக் கூடாது, ரகசியத்தை உடைக்கக் கூடாது. காட்சியிலிருந்து கௌரவமாக வெளியே அனுப்ப எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். வைத்தியர் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வலியில் படைத்தலைவன் மயங்கிவிடுகிறான். கண் விழிக்கும்போது விடிந்திருக்கிறது. தோளில் கட்டு, பக்கத்தில் ஆறிப்போன கஷாயக் கிண்ணம். "வைத்தியர் மூலிகை பறிக்க மேல்மலைக்குப் போயிருக்கிறார்" என்கிறாள் பணிப்பெண். அவ்வளவுதான், நாலு வரி. வைத்தியர் தன் குணத்துக்கு மாறாக எதையும் செய்யவில்லை, ஐந்து பேருக்கும் விடுதலை கிடைத்துவிட்டது. இந்த நாலு வரியை நாங்கள் இரண்டாவது வாரமே எழுதியிருந்தால் அக்கா இன்றைக்கும் எங்களோடு எழுதிக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

ரோல்-பிளே பழகியவர்களுக்கு உடனே ஒரு உறுத்தல் வரும்: அடுத்தவர் பாத்திரத்தைத் தொடுவது காட்மோடிங் (இன்னொருவர் பாத்திரத்தை நம் இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பது) ஆகாதா? அனுமதி இல்லாமல் செய்தால் ஆகும். அதனால் சேரும்போதே படிவத்தில் கேட்டுவிடுகிறோம்: "நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் பாத்திரத்தை மற்றவர்கள் எந்த அளவுக்கு நகர்த்தலாம்?" சிலர் "காட்சியை விட்டு வெளியே அனுப்பலாம், அதற்கு மேல் வேண்டாம்" என்பார்கள். சிலர் "சாதாரண வசனம்கூடப் பேசவைக்கலாம்" என்பார்கள். "தொடவே கூடாது" என்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பலர் கூடும் பெரிய காட்சிகளின் நடுவில் வைப்பதில்லை. சேரும் நாளில் இந்தக் கேள்வி யாரையும் புண்படுத்துவதில்லை. காணாமல் போன பிறகு அதே விஷயத்தைப் பேசினால் கட்டாயம் புண்படுத்தும்.

இன்னொன்று, கதையின் சாவியை ஒரே ஆள் கையில் கொடுக்காதீர்கள். கொலைகாரன் யார் என்பது ஒருவருக்கு மட்டும் தெரியும், அவர் காணாமல் போய்விட்டார் என்றால் மூன்று மாதமாக வளர்த்த மர்மம் அங்கேயே செத்துவிடும். எங்களிடம் அப்படி ஒரு கதை பாதியில் நின்றிருக்கிறது. இப்போது எந்த ரகசியமானாலும் ஒரு மாடரேட்டரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பாத்திரத்துக்கு வருவோம். பதவி வேறு, பாத்திரம் வேறு என்று பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கோட்டைக்கு ஒரு தலைமை வைத்தியர் தேவைதான். ஆனால் அக்கா உருவாக்கிய வைத்தியரையே இன்னொருவர் எழுத வேண்டும் என்று என்ன கட்டாயம்? பழைய வைத்தியரின் சீடன் ஒருவன் பொறுப்பேற்கட்டும். அவன் புது எழுத்தாளரின் சொந்தப் படைப்பு. பழையவர் ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்தால், குருவும் சீடனும் ஒரே அறையில் நிற்கும் காட்சி இனாமாகக் கிடைக்கும். எங்களிடம் 30 நாள் அமைதியாக இருந்தால் பதவி மட்டும் காலி, பாத்திரம் உறங்கப் போகும். எழுதியவரைத் தவிர வேறு யாரும் அதை எழுப்ப முடியாது. ஏற்கெனவே இருக்கும் கதை ஒன்றின் பாத்திரங்களை வைத்து ஆடும் குழுக்களுக்கு இது பொருந்தாது. அங்கே நாயகன் ஒருவன்தான், அவனுக்காக வரிசையில் நிற்பவர்கள் இருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 60 நாள் என்று வைத்து, இருமுறை தனிச்செய்தியில் கேட்டுவிட்டு, அதன் பிறகு மாற்றிக் கொடுப்பதுதான் நியாயம்.

ஆளை என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். இணையக் குழுக்கள் பற்றி 2006இல் எழுதிய இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 90-9-1 என்று ஒரு கணக்குச் சொன்னார்: பெரும்பாலான இடங்களில் 90 சதவீதம் பேர் படிக்க மட்டுமே செய்கிறார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், பெரும்பகுதியை எழுதுவது மீதி 1 சதவீதம்தான். உங்கள் 64 பேரில் 12 பேர் எழுதுகிறார்கள் என்றால் அது கெட்டுப்போன குழு இல்லை. எழுதாதவர்களில் பலர் உங்கள் கதையின் வாசகர்கள். வாசகர்களைத் துரத்திவிட்டு யாருக்காக எழுதப் போகிறோம்?

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் குழுவை நடத்துகிறீர்கள் என்றால் புரூன் பொத்தானில் கவனமாக இருங்கள். 7 நாள், 30 நாள் என்று தேர்ந்தெடுத்தால் அவ்வளவு நாளாகத் தென்படாதவர்களை மொத்தமாக வெளியேற்றிவிடும். எந்த ரோலும் (அங்கே உறுப்பினர்களுக்கு நாம் கொடுக்கும் அடையாளப் பட்டம்) இல்லாதவர்களைத்தான் அது இயல்பாகத் தொடும், நீங்கள் குறிப்பிட்ட ரோல்களையும் சேர்த்தால் அவர்களும் போவார்கள். இது தடை கிடையாது, அழைப்பு இணைப்பு இருந்தால் திரும்ப வரலாம். ஆனால் யாரும் சொல்லாமல் கதவுக்கு வெளியே நின்றவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதற்குப் பதிலாக நாங்கள் மூன்று ரோல் வைத்திருக்கிறோம்: எழுதுபவர், வாசகர், விடுப்பு. புதுக் காட்சி அறிவிப்பு எழுதுபவருக்கு மட்டும் போகும். விடுப்பில் இருப்பவரின் போன் சத்தமே போடாது.

நான் உண்மையாகவே நீக்குவது இரண்டு வகையினரை. ஐந்தாறு முக்கியப் பாத்திரங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்டாலும் விட்டுக்கொடுக்காமல், எழுதவும் செய்யாதவர்கள் ஒரு வகை. அந்தரங்க விஷயங்களைப் பேசும் அறைக்குள் மாதக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் இருப்பவர்கள் இன்னொரு வகை. அவர்களையும் அந்த அறையிலிருந்து மட்டும்தான்.

இனி மிக முக்கியமானது. ஆர்வம் போய்விட்டதால் மறைகிறவர்கள் குறைவு. எத்தனையோ பேரிடம் பேசிப் பார்த்ததில் எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த காரணம் கூச்சம். இரண்டு நாள் தாமதமாகிறது. தாமதத்துக்கு ஈடாக நன்றாக எழுத வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஐந்து நாளாகிறது. யாரோ பொதுவில் டேக் செய்து "எங்க போனீங்க?" என்கிறார்கள். இப்போது எழுதினால் மன்னிப்பும் கேட்க வேண்டும். பத்தாவது நாள் குழுவைத் திறக்கவே கை கூசுகிறது. வெளியிலிருந்து பார்க்கிற நாம் அதை அலட்சியம் என்கிறோம்.

அதனால் பொதுவில் யாரையும் தேடாதீர்கள். தனிச்செய்தி அனுப்புங்கள். நான் இப்போது அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அக்கா, நலமா? காட்சியை நாங்க கொஞ்சம் நகர்த்திட்டோம். உங்க வைத்தியர் மூலிகை பறிக்க மேல்மலைக்குப் போயிருக்கார், பத்திரமா இருக்கார். பழசை எல்லாம் படிச்சு முடிக்கணும்னு இல்லை, வரும்போது நானே அஞ்சு வரில சொல்றேன். இதுக்குப் பதில்கூட வேண்டாம்."

யாரையும் காக்க வைக்கவில்லை என்று தெரிந்தால் குற்ற உணர்ச்சி போகும். பாத்திரம் பத்திரமாக இருக்கிறது என்றால் பயம் போகும். திரும்பி வர நினைப்பவரை வாசலிலேயே நிறுத்துவது படிக்காமல் குவிந்து கிடக்கும் 400 பதிவுகள்தான், அதனால்தான் ஐந்து வரிச் சுருக்கம் என்கிறேன். மாதம் ஒருமுறை அந்தச் சுருக்கத்தை எழுதி ஒட்டிவிடுகிறோம். பதில் வேண்டாம் என்று முடித்தால்தான் பலர் பதில் போடுகிறார்கள்.

விடுப்பு சொல்வதையும் சுலபமாக்குங்கள். காரணம் கேட்காதீர்கள், திரும்பும் தேதியைக் கட்டாயமாக்காதீர்கள். "விடுப்பு" என்று ஒரு வார்த்தை போதும். முன்பு எங்கள் படிவத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அதை எடுத்த பிறகுதான் ஆட்கள் சொல்லிவிட்டுப் போகவே ஆரம்பித்தார்கள். வாரம் ஒரு பதிவு கட்டாயம் என்ற விதியும் வேண்டாம். அது வந்த மாதம் எங்கள் பாத்திரங்கள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் அதிகம். ஆக்டிவிட்டி செக் இன்னமும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 14 நாள் அவகாசம், ஒரு எமோஜி போட்டால் போதும். போடாதவருக்கு ரோல் மாறும், வேறொன்றும் ஆகாது.

ஒரே வாரத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்தாற்போல் அமைதியானால் அவர்களைக் கேட்பதற்கு முன் கடைசி 30 பதிவுகளை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். பெரும்பாலும் இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் நுழைய இடமே இருக்காது. நான் அப்படிப் படித்தபோது அந்த இருவரில் ஒருவர் நான்தான் என்று தெரிந்தது, வருத்தமாக இருந்தது. மாடரேட்டர்களே காணாமல் போவது இதைவிட மோசம், அதனால் ரோல் மாற்றும் உரிமையாவது குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும்.

உங்கள் குழுவுக்கு வருகிறேன். இப்போதைக்கு யாரையும் நீக்காதீர்கள். எழுதுகிற 12 பேரிடமும் தனித்தனியாக, "நீங்க யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கீங்க?" என்று மட்டும் கேளுங்கள். 52 பெயர்களும் வராது, திரும்பத் திரும்ப மூன்று நாலு பெயர்தான் வரும். அவர்கள் நிற்கும் காட்சிகளை இந்த வாரமே மேலே சொன்ன மாதிரி நகர்த்திவிட்டு, அவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மற்றவர்களுக்கு வாசகர் ரோல் கொடுத்துவிட்டு, எழுத வேண்டும் என்று தோன்றினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதி மேலே பின் செய்து வையுங்கள்.