டிக்கியில் இரண்டாவது பேட்டரி: எதை எதோடு சேர்க்கலாம்?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். என் டீசல் காரில் 1000 வாட் ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் பொருத்தியிருக்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லில் வண்டியை நிறுத்தி மூன்று மணி நேரம் பாட்டு கேட்டோம். கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாவது பேட்டரி வைக்க நினைக்கிறேன். மாமா வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. ஓசூரில் ஒருவர் மின்சார ஸ்கூட்டர் செல்களைக் கோத்து 12 வோல்ட் லித்தியம் பேட்டரி செய்து தருவதாகச் சொல்கிறார். கடைக்காரர் ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்து மூடிய ஈய பேட்டரி) வாங்கச் சொல்கிறார். முன்னால் இருக்கும் ஆசிட் பேட்டரியோடு பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் இணைத்துவிட்டால் போதுமா?

பதில்: தம்பி, அப்படி நேரடியாக இணைக்காதீர்கள். லேபிளில் எல்லாவற்றிலும் 12 வோல்ட் என்றே போட்டிருக்கும். ஆனால் முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஓர் இரவு ஓய்வில் விட்டு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். ஏஜிஎம் 12.8-லிருந்து 13 வரை நிற்கும். லித்தியத்தில் ஒரு வகையான லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 13.3-ஐ ஒட்டி நிற்கும். உயரம் வேறான இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை அடியில் குழாய் போட்டு இணைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். எஞ்சின் ஓடும்போது, அதோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் 14 வோல்ட்டுக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பதால் எதுவும் தெரியாது. வண்டி நின்ற பிறகுதான் ஒன்று மற்றொன்றுக்குள் இறங்கத் தொடங்கும்.

ஆசிட்டும் ஏஜிஎம்மும் ஈயக் குடும்பம்தான். இரண்டும் புதிதாக இருந்தால் இந்த இழப்பு சிறியது. வயது வேறுபட்டால்தான் ஆபத்து. காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கார் எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. முன்னால் நான்கு வருட ஆசிட் பேட்டரி, பின்னால் அதோடு நேராகக் கட்டிய புது ஏஜிஎம். பானட்டைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். பழைய பேட்டரியின் பக்கச்சுவர் உப்பியிருந்தது, கை வைக்க முடியாத சூடு. அதில் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. ஆறு செல் ஐந்தாகிவிட, புது பேட்டரி இரவெல்லாம் தன்னிடமிருந்ததை அதற்குள் கொட்டியிருக்கிறது. பிரித்து அளந்தபோது பழையது 10.6, புதியது 11.4. புதிதாக வாங்கியதும் வீணாயிற்று. அந்த நேரத்தில் டெர்மினலில் ஒரு பொறி பறந்திருந்தால், வெளியேறிய ஹைட்ரஜன் வெடித்திருக்கும்.

ஓசூர் லித்தியத்தைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முதலில், அது எந்த வகைச் செல் என்று கேளுங்கள். பல மின்சார ஸ்கூட்டர்களில் இருப்பது நிக்கல் கலந்த லித்தியம் செல். ஒரு செல்லின் உச்சவரம்பு 4.2 வோல்ட். மூன்றைக் கோத்து 12 வோல்ட் என்று கொடுத்தால், ஆல்டர்னேட்டர் தரும் 14.4-ல் ஒவ்வொரு செல்லும் 4.8 வோல்ட் வாங்க நேரும். தீப்பிடிப்பதற்கு அது போதும். நடுவில் இருந்து, வரம்பு மீறினால் துண்டிக்கும் பாதுகாப்புப் பலகை ஒன்றை மட்டும் நம்பி, குழந்தைகள் உட்காரும் பின்சீட்டுக்குப் பின்னால் இதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நல்ல லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வேறு ரகம். நான்கு செல், 14.4-ஐத் தாங்கும். சிக்கல் அதன் பசியில் இருக்கிறது. உள் மின்தடை மிகக் குறைவு என்பதால், காலியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டர் கொடுக்கக் கூடியதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வெயில் நேரத்தில் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவதை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது, மின்சாரமோ முழு அளவில் போகிறது. ஆல்டர்னேட்டரின் கம்பிச்சுருள் கருகுவது இப்படித்தான்.

இன்வெர்ட்டர் பேட்டரியை மாமாவிடமே விட்டுவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரி மெதுவாக, நீண்ட நேரம் கொடுக்கப் பிறந்தது. சப்வூஃபர் ஒரு நொடியில் கேட்கும் கரண்டைக் கொடுக்கத் திணறும். 50 கிலோவுக்கு மேல் கனம். சார்ஜ் ஏறும்போது ஆசிட் ஆவியும் வாயுவும் விடும். மூடிய காருக்குள் அதற்கு இடமே இல்லை.

கம்பெனிக்காரர்களே ஈயத்தையும் லித்தியத்தையும் சேர்த்து வைக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. 2018-ல் வந்த மாருதி சியாஸ் பெட்ரோல் ஹைப்ரிட்டில் அப்படி இரண்டு பேட்டரி உண்மைதான். அங்கே எப்போது எது இணைய வேண்டும் என்பதை ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. உங்கள் டிக்கியிலும் அந்தக் காவலாளி வேண்டும்.

ஏஜிஎம் வைப்பதானால் அந்தக் காவலாளி, வோல்டேஜ் பார்த்துத் தானே இயங்கும் சுவிட்சான ரிலே. 13.3 வோல்ட்டை ஒட்டி இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். பாட்டு பின்பேட்டரியைக் காலி செய்தாலும் முன்பேட்டரி ஸ்டார்ட் செய்யக் காத்திருக்கும். லித்தியத்துக்கு இந்த ரிலே பயன்படாது, ஏனென்றால் அது சும்மா இருக்கும்போதே 13.3-ல் நின்று ரிலேவைப் பிரியவிடாது. முன்னாலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, பின்பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜிலும் அளவான கரண்டிலும் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் வேண்டும். வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும் ஆல்டர்னேட்டர் உள்ள பிஎஸ்6 வண்டி என்றால், ஏஜிஎம்முக்கும் அதையே போடுங்கள்.

உங்கள் தேவைக்கு நான் சொல்வது 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரும். உங்கள் ஆம்ப்ளிஃபையர் உச்சத்தில் 90 ஆம்பியர் இழுக்கும். பாட்டின் சராசரி ஏறத்தாழ 25 என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரத்துக்கு 75 ஆம்பியர்-மணி. ஏஜிஎம்மைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் அதே அளவு ஏஜிஎம் இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். லித்தியம் தாங்கும். அதன் பாதுகாப்புப் பலகை 150 ஆம்பியருக்குக் குறையக் கூடாது, இல்லையென்றால் பாட்டில் பாஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) ஏறும்போதெல்லாம் துண்டித்துக்கொள்ளும். ஒரு மணி நேர ஓட்டத்தில் சார்ஜர் 30 ஆம்பியர்-மணிதான் ஏற்றும். எனவே முதல் நாள் இரவே வீட்டில் லித்தியத்துக்கான சார்ஜரில் நிரப்பிவிடுங்கள்.

முன்னாலிருந்து சார்ஜருக்கு 16 சதுர மி.மீ. செம்பு ஒயர், 60 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள். பின்பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் தடித்த ஒயருக்கும் தனி ஃபியூஸ் உண்டு. வாங்கும்போது ஒயர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். வண்டி ஓடும்போதும் பாஸ் அடிக்கையில் ஹெட்லைட் மங்குகிறதா? அப்படியானால் இதையெல்லாம் வாங்கும் முன் எர்த்தை, அதாவது மைனஸ் ஒயர் வண்டியின் தகட்டில் சேரும் இடத்தை, சோதியுங்கள். பாட்டைச் சத்தமாக வைத்து, மீட்டரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபையரின் மைனஸிலும் மற்றொன்றை முன்பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டு மறுபடியும் இறுக்குங்கள்.