பனிமலையில் சொன்ன சம்மதம் – கடிதம்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமம் என் ஊர். பெங்களூரில் வேலை பார்க்கிறேன். இந்த பிப்ரவரியில் நண்பர்கள் எட்டுப் பேராகப் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ளக் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போயிருந்தோம். நான்கு ஆண்டுகளாக நான் விரும்புகிறவரும் அவர்களில் ஒருவர். மூன்றாம் நாள் காலையில், புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவில் நான் தட்டுத்தடுமாறி இறங்கி நின்றதும், அவர் தம் சறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டு மோதிரத்தை நீட்டினார். மற்ற ஆறு பேரும் கைப்பேசியில் படம் பிடித்தபடி சுற்றி நின்றார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. நான் "சரி" என்றேன், கைதட்டினார்கள். அன்றிரவு எனக்கு அழுகை வந்தது. அவர்மீது அன்பு குறையவில்லை. ஆனால் அந்தச் "சரி" நானாகச் சொன்னதுதானா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பா சம்பா அறுவடையில் இருக்கிறார். நான் நன்றி கெட்டவளா? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. விரும்பியவரை மணக்க ஆசைப்படுவதும், அந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதத்தால் மனம் நோவதும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடியவைதாம். ஒன்று இருப்பதால் மற்றொன்று பொய்யாகிவிடாது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விவரத்திலேயே என் மனம் நின்றுவிட்டது. அவர் பலகைகளைக் கழற்றியிருந்தார். உங்கள் கால்களில் அவை இருந்தன. பனிச்சறுக்கு கற்க வருபவருக்கு முதலில் சொல்லித்தருவது நிற்கத்தான்: பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, குதிகால்களை வெளிப்புறம் தள்ளி, உள்விளிம்புகள் பனியில் பதியும்படி அழுத்தினால் வேகம் தணியும். மூன்றே நாள் பழகியவருக்கு அதுவே பெரும்பாடு. பூட்ஸ் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும்போது ஓர் எட்டு பின்வாங்குவதோ, திரும்பி நாலடி தள்ளிப் போய் மூச்சு விட்டுக்கொள்வதோ அவரால் எளிதில் ஆகாது. ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில், இன்னும் படபடப்பு அடங்காமல், ஆறு கைப்பேசிகளுக்கு நடுவே அப்படி நின்றுகொண்டிருந்த உங்களிடம் வாழ்நாள் முழுவதற்குமான கேள்வி வந்திருக்கிறது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று அங்கே உங்களால் சொல்லியிருக்க முடியுமா? முடியாது என்றால், "சரி" என்பதற்கும் அங்கே முழு மதிப்பு கிடைத்திருக்காது. உங்கள் அழுகைக்குக் காரணம் அதுவென்றே நினைக்கிறேன்.

இதை வெளிநாட்டுப் பழக்கம் வந்து கெடுத்துவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. நம் காவிரிக் கரை வீடுகளில் பெண் பார்க்கும் நாளில் நடந்ததும் இதுவேதான். கூடத்தில் ஜமக்காளம் விரித்து இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருக்க, காபித் தட்டோடு வந்து நமஸ்காரம் செய்த பெண்ணிடம் அத்தனை பேர் முன்னிலையில் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார்கள், அவள் தலையைக் குனிந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும், "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்துகொள்ளும் வசதி இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு அவகாசம் இருந்தது என்பதை நினைத்துப்பாருங்கள். யோசிக்கலாம், கலந்து பேசலாம், எவர் முகமும் வாடாமல் விலகலாம். பெண்ணுக்கு அந்தக் கடிதம் போடும் உரிமை கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் அதை என் அப்பாயி தம்மால் இயன்ற வழியில் மாற்றினார். திருவையாற்றில் என் அக்காவைப் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் இருக்கும்போதே, வெற்றிலை எடுத்துவரச் சொல்வதுபோல் அக்காவைக் கொல்லைக்கு அழைத்துப்போய், கிணற்றடியில் வைத்து, "இங்கே நீயும் நானும்தான் இருக்கிறோம், சொல்" என்றார். அக்கா வேண்டாம் என்றாள். இரண்டு நாள் கழித்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பப்பட்டது. வந்த பிள்ளைக்கும் அதனால் தலைகுனிவு இல்லை. அடுத்த ஆண்டு வேறொருவர் வந்துபோன மாலையில், அதே கிணற்றடியில் அக்கா சரி என்றாள். அந்தச் சரியைப் பற்றி அவளுக்கு இன்றுவரை ஐயம் வந்ததில்லை.

உங்கள் நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. காதலைப் பாடும் நம் அகப்பாடல் மரபில் தோழிக்கு இருக்கும் இடம் பெரிது. தலைவன் தன் குறையைச் சொல்லி அவளிடம்தான் வந்து நிற்கிறான். அவனை உடனே ஏற்காமல் சேட்படுத்தி, அதாவது தள்ளி நிறுத்தி, அவன் உறுதியைச் சோதிக்கிறாள்; பிறகு அவன் குறையைத் தலைவியிடம் தனிமையில் எடுத்துச்சொல்கிறாள்; மணக்காமல் காலம் கடத்தினால் மணந்துகொள்ளும்படி அவனையே இடித்துரைக்கிறாள்; உரிய வேளையில், தலைவியை வளர்த்த செவிலித்தாய்க்கு அவள் காதலை உணர்த்தி அறத்தொடு நிற்கிறாள். அவனுக்காகப் பேசும்போதும் அவள் நிற்பது தலைவியின் பக்கம். குல்மார்க்கில் ஆறு பேரும் அவருடைய மகிழ்ச்சிக்குத் துணை நின்றார்கள், முந்தின நாள் இரவு ஒருத்தியாவது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்படி ஒரு கேள்வி எல்லோர் முன்னாலும் வந்தால் உனக்கு எப்படியிருக்கும்?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டிருக்கலாம். ஆச்சரியம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அவரை நான் குறை சொல்லவில்லை. மோதிரத்தை அவ்வளவு தூரம் ஒளித்து எடுத்துச் சென்றவரின் அன்பு உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அதனால் அவரிடமே பேசுங்கள், நேரில், வேறு யாரும் இல்லாத இடத்தில். பனியில் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுவதாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு முறை கேட்கும்படியும், பதிலுக்குச் சில நாட்கள் காத்திருக்கும்படியும் சொல்லுங்கள். அவர் முகம் முதலில் வாடலாம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் "எல்லோர் முன்னாலும் சரி என்றாயே" என்று அவர் அந்தப் படத்தைச் சான்றாகக் காட்டினால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கைதட்டலுக்கு முன்னால் சொன்ன சொல் உங்களைச் சட்டப்படியும் கட்டாது, மனச்சாட்சிப்படியும் கட்டாது.

நண்பர்களிடம் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். உறவுக்காரர் ஒருவரின் கைப்பேசி வழியாக உங்கள் அப்பா இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, வயல் மண் ஈரத்தோடு மெழுகுபோல் இருக்கும் பதம் பார்த்து, நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளிக்கிறவர்கள் நம் பக்கத்து விவசாயிகள். பதம் தவறினால் என்ன ஆகும் என்று அப்பாவுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. நீங்கள் விரும்புகிறவரோடு பேசி முடித்து, உங்கள் பதில் உங்களுக்குத் தெளிவான பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறி ஊருக்குப் போங்கள். அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். அப்பா களத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டுத் திண்ணையில் உட்காரட்டும்.

அன்புடன்.